தேர் எந்தத் தெருவில் திரும்பும்?

வீரசோழனைச் சுற்றியுள்ள மானாவாரிக் காட்டில் சாமி தெருவுக்கு வராத மாதம் குறைவு. அம்மனுக்கு முளைப்பாரி எடுப்பார்கள், ஐயனாருக்குப் புரவி எடுப்பார்கள். நடுநடுவே ஜனவரி 20இல் செபஸ்தியார், ஜூன் 13இல் அந்தோணியார், ஜூலை 25இல் சந்தியாகப்பர், டிசம்பர் 3இல் சவேரியார் என்று சப்பரம் ஏறுவார்கள். வீரசோழன் சந்தையில் விலைபேசிப் பிடித்துவரும் கிடாய் பக்ரீதுக்கும் போகும், குலசாமிக்கும் போகும், நேர்ச்சை இருந்தால் ஓரியூர் அருளானந்தருக்கும் போகும். விற்பவர் எதற்கு என்று கேட்பதில்லை.

இத்தனை ஊர்வலங்கள் நடந்த மண்ணில், நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு சப்பரம் எப்படி இருந்தது என்று பார்க்கப் படம் கிடையாது. எங்கள் பக்கத்துக் கோவில்கள் எதிலும் அப்படியொரு ஓவியம் தொங்கி நான் பார்த்ததில்லை. அந்தக் காலத்து ஊர்வலத்தைத் தேடுகிறவர் கோர்ட்டுக் கட்டுகளுக்கும் மிஷனரிகளின் கடிதங்களுக்கும்தான் போக வேண்டும். ஹாலந்தில் கதை தலைகீழ். அங்கே படம் இருந்தது, ஊர்வலம்தான் இல்லை.

அந்தப் படத்தை வரைந்தவர் அந்தோன் டெர்கின்டெரன். 1859இல் பிறந்தவர். 1884இல், 25 வயதைக்கூடத் தொடாத அந்த இளைஞரிடம் ஆம்ஸ்டர்டாம் பெகெய்ன்ஹாஃப் சிற்றாலயத்தின் பாதிரியார் குளோன்னெ ஒரு பெரிய வேலையை ஒப்படைத்தார். அந்த நகரத்தின் பழைய நற்கருணைப் பவனியை, ஆலயச் சுவரை நிறைக்கும் நீளத்தில் தீட்டித் தர வேண்டும். அந்தப் பவனிக்கு ஒரு பூர்வ கதை உண்டு. 1345 மார்ச்சில், சாகக் கிடந்த ஒருவர் உட்கொண்ட நற்கருணை அப்பம் வாந்தியில் வெளிவந்து, நெருப்பில் போடப்பட்டும் கருகாமல் இருந்ததாம். அன்று தொடங்கி வருஷாவருஷம் அந்த அப்பத்தைப் பேழையில் வைத்து நகரமே பவனி வந்தது. 1578இல் ஆம்ஸ்டர்டாம் சீர்திருத்தச் சபையார் கைக்கு மாறியதும் பவனி நின்றது. கத்தோலிக்கர்கள் வீட்டு முகப்புக்குப் பின்னால் மறைவாக ஆலயம் வைத்துக்கொண்டு, தெருவுக்குச் சத்தம் போகாமல் பூசை கண்டார்கள். பெகெய்ன்ஹாஃப் சிற்றாலயமும் அப்படிப்பட்ட மறைவுக் கோவில்தான்.

19ஆம் நூற்றாண்டில் மறைவு தேவைப்படவில்லை. ஆனால் 1848இன் டச்சு அரசியல் சட்டம் ஒரு கோடு கிழித்தது. கட்டடத்துக்குள்ளும் மதில் சூழ்ந்த இடத்துக்குள்ளும் யாரும் எப்படியும் கும்பிடலாம். தெருவில் வேண்டுமானால், அதற்கு முன்பே எங்கெல்லாம் சட்டப்படி அனுமதி இருந்ததோ அங்கே மட்டும். தெற்கே கத்தோலிக்கர் நிறைந்த மாகாணங்களில் பவனி தொடர்ந்தது, ஆம்ஸ்டர்டாமில் வழியில்லை. ஆக, டெர்கின்டெரன் தன் கண்ணால் பார்க்க முடியாத ஒரு ஊர்வலத்தை, முந்நூறு வருஷத்துக்கு முன் நின்றுபோன ஒன்றை, வரையப் போனார். நான்கைந்து வருஷம் பிடித்தது. வந்த படம் திருவிழாக் களை கட்டிய படமாக இல்லை. பிரெஞ்சு ஓவியர் புவி தெ ஷவானின் சுவரோவியங்களில் மனம் பறிகொடுத்திருந்த அவர், வெளிறிய நிறங்களில், ஆழம் குறைந்த தளத்தில், கனவில் நகர்கிற மாதிரி ஆட்களை நிறுத்தியிருந்தார். பாதிரியாருக்குப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்றுவிட்டார். கலை உலகம் அந்தப் படத்தைக் கொண்டாடியது என்பது வேறு விஷயம். என்னைக் கேட்டால் பாதிரியார் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. அவர் ஒரு வெற்றி ஊர்வலம் கேட்டார். ஓவியர் ஒரு ஞாபகத்தைக் கொடுத்தார்.

அதே காலத்தில், 1881இல், இரண்டு சாமானியர்கள் வேறொரு வழி கண்டுபிடித்தார்கள். யோசஃப் லவுஸ்பெர்க், காரெல் எல்சன்பர்க் என்று பெயர். பவனிக்குத்தானே தடை, நடப்பதற்குத் தடையில்லையே? கொடி வேண்டாம், சிலுவை வேண்டாம், பாட்டு வேண்டாம், அங்கி அணிந்த குருவும் வேண்டாம். பழைய பவனி போன அதே தெருக்களில் வாய் திறக்காமல் நடந்துவிட்டு வந்தார்கள். 'மௌன நடை' என்று அதற்குப் பெயராயிற்று. வருஷம் போகப் போக ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். மார்ச் மாத இரவொன்றில் இன்றும் நடக்கிறது. 1983இல் புதுப்பித்த அரசியல் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. கொடியும் மேளமுமாகப் போனால் கேட்பாரில்லை. ஆனாலும் பேசாமலேதான் நடக்கிறார்கள். சட்டம் திணித்த மௌனத்தை விருப்பப்பட்டு வைத்துக்கொண்ட ஜனங்கள்.

இந்த டச்சுக்காரர்கள் நமக்கு அந்நியர்கள் அல்ல. 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தவர்கள் அவர்கள். சேதுபதிகளோடு ஒப்பந்தம் போட்டுக் கீழக்கரையில் பண்டகசாலை வைத்திருந்தவர்களும் அவர்களே. பிடித்த கையோடு, கத்தோலிக்கப் பரதவரைத் தங்கள் சபைக்கு இழுக்க பிலிப்பஸ் பால்டேயுஸ் என்ற போதகர் வந்து பார்த்தார். 1672இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான அவருடைய தடித்த புத்தகம் இந்தக் கரையையும் இலங்கையையும் பற்றியது. பரதவர் அசையவில்லை. ஊரில் கடைப்பிடித்த அதே கொள்கையை டச்சுக்காரர்கள் இங்கேயும் கொண்டுவந்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது: வியாபாரம் நடக்கட்டும், முத்துக் குளிக்கட்டும், ஆனால் போப்பாண்டவரின் சமயம் தெருவில் கண்ணை உறுத்தக் கூடாது.

தூத்துக்குடி பனிமயமாதாவுக்குப் பொன்தேர் முதன்முதலாக ஓடியது 1806இல். அந்த வருஷத்தைக் கவனியுங்கள். 1795 வாக்கில் ஆங்கிலேயர் தூத்துக்குடியை டச்சுக்காரரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள், 1818இல் திருப்பிக் கொடுத்தார்கள், 1825இல் நிரந்தரமாக வாங்கிக்கொண்டார்கள். டச்சுக்கொடி இறங்கியிருந்த இடைவெளியில்தான் பொன்தேர் வடம் பிடிக்கப்பட்டது. அதற்கு இது மட்டுமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. வாய்த்த வேளை என்று சொல்லலாம். அதன்பின் எப்போதாவது, விசேஷ ஆண்டுகளில் மட்டுமே அந்தத் தேர் வெளியே வருகிறது. கடைசியாக 2023 ஆகஸ்ட் 5இல் வந்தபோது நகரமே அடைபட்டது.

கடற்கரையை விட்டு உள்ளே வருவோம். எங்கள் வறட்டுக் காட்டில் டச்சுக்காரர் ஆட்சி இல்லை. சேதுபதி சீமை, சிவகங்கைச் சீமை. 1693 பிப்ரவரி 4இல் ஓரியூரில் அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோவின் தலை வெட்டப்பட்டது கிழவன் சேதுபதி காலத்தில். லிஸ்பனில் பிறந்து, காவி கட்டி, காய்கறி தின்று, மறவர் நாட்டில் நடந்தே திரிந்தவர். 1853இல் ஒன்பதாம் பத்திநாதர் என்ற போப்பாண்டவர் அவருக்கு அருளாளர் பட்டம் தந்தார். அதே போப்பாண்டவர் அதே வருஷம் ஹாலந்தில் கத்தோலிக்க மறைமாவட்டங்களைத் திரும்ப நிறுவப்போய், அங்கே சீர்திருத்தச் சபையார் கொதித்தெழுந்து ஒரு மந்திரிசபையே கவிழ்ந்தது. ஓரியூரிலோ செம்மண்ணை அள்ளி நெற்றியில் பூசிக்கொண்டு, கிடாய் வெட்டி, மொட்டை போட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இன்றும் அப்படித்தான். அங்கே போகிறவர்களில் பாதிப் பேர் ஞானஸ்நானம் வாங்காதவர்கள் என்று சொன்னால் ஓரியூர்க்காரர் யாரும் மறுக்க மாட்டார்.

இந்தச் சீமையின் கோவில் ஊர்வலத்தில் அன்றைக்கு முதல் கேள்வி மரியாதை. தேரை யார் தொடலாம், வடத்தில் யார் கை முதலில் விழ வேண்டும், பூசை முடிந்து வெற்றிலை பாக்கும் மாலையும் யாருக்கு முதலில் போக வேண்டும். சருகணித் தேரை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னச் சவேரியார் என்று மக்கள் அழைத்த இத்தாலிய சேசு சபைக் குரு தெ ரோசி அங்கேதான் 1774இல் இறந்தார். அந்தக் கோவிலுக்கு மருது பாண்டியர் கொடை கொடுத்ததைச் சருகணியில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். உயிர்ப்புப் பெருவிழாத் தேருக்குச் சமஸ்தானத்தின் மரியாதை, நாட்டார்களின் வரிசை எல்லாம் உண்டு. தேருக்குள் இருப்பது இயேசு. தேருக்கு வெளியே இருந்ததெல்லாம் அந்தச் சீமையின் மற்ற எந்தக் கோவில் தேரைச் சுற்றியும் இருந்த அதே ஒழுங்கு. மிஷனரிகள் சிலர் இதைக் கண்டு முகம் சுளித்தார்கள். பலர் இதை வைத்தே காரியம் நடத்தினார்கள். இங்கிலாந்து மானுடவியலாளர் டேவிட் மொஸ்ஸே 1980களில் பழைய ராமநாதபுரம் பகுதியில் ஒரு கிராமத்தில் தங்கி, அங்கே சந்தியாகப்பர் திருவிழாவில் மரியாதையும் சாதியும் ஊழியமும் எப்படிப் பின்னிக் கிடந்தன, பிறகு எப்படி அவிழ்ந்தன என்று ஆராய்ந்தார். 2012இல் அது புத்தகமாக வந்தது. சாதியும் கிறிஸ்தவமும் பற்றிப் பேச விரும்புகிற எவரும் அதைப் படிக்காமல் பேசுவது வீண்.

மரியாதையின் அடித்தட்டில் மேளம் இருந்தது. சப்பரத்தின் முன்னால் பறை முழங்க வேண்டும். முழக்குகிறவர் சப்பரத்தின் கம்பைத் தொடக் கூடாது. சாமி அவர் தெருவுக்கு வராது. தெரு முனை வரை வந்து ஒரு நிமிஷம் திரும்பி நின்றுவிட்டுப் போகும். அந்த ஒரு நிமிஷத்தைப் பெரிய சலுகையாக அன்று நினைத்தவர்கள் உண்டு, கொடுத்தவர்கள் தரப்பில்.

ருஷ்ய ஓவியர் இல்யா ரேபின் 1880க்கும் 1883க்கும் இடையில் கூர்ஸ்க் மாகாணத்து ஊர்வலத்தை வரைந்தார். மாஸ்கோவில் இருக்கிறது. ஹாலந்துப் படத்துக்குச் சமகாலத்தது. நடுவில் பணக்கார அம்மாள் படத்தைத் தாங்கி வருகிறாள், குதிரை மேல் ஆட்கள் சவுக்கை ஓங்குகிறார்கள், ஓரத்தில் ஊன்றுகோலோடு தத்தி வரும் கூன்முதுகுப் பையனை ஒருவர் குச்சியால் விலக்குகிறார். ஊர்வலத்தைப் பார்க்கத் தெரிந்த கண் அது. ஓரத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் நடுவில் இருப்பது புரியும். எங்கள் சீமைக்கு ஒரு ரேபின் வாய்த்திருந்தால் தெரு முனையில் நின்றுகொண்டுதான் வரைந்திருப்பார்.

சட்டம் என்ன சொன்னது என்று கேட்கலாம். இங்கேதான் ஹாலந்தும் நாமும் எதிரெதிராகப் பிரிகிறோம். 1882இல் சேலத்தில் மசூதி முன் மேளம் அடித்துப் போவது பற்றிப் பெரிய கலவரம். அதையொட்டி 1883இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பொதுச் சாலையில், மற்றவர்களின் சாதாரணப் போக்குவரத்தைக் கெடுக்காமல், அதிகாரிகளின் நியாயமான உத்தரவுக்குக் கட்டுப்பட்டு, எந்தச் சமயத்தாரும் ஊர்வலம் போகலாம். 1920களில் லண்டன் பிரிவி கவுன்சிலும் இதையே உறுதி செய்தது. ஆக, ஆம்ஸ்டர்டாமில் கத்தோலிக்கர் வாயை மூடிக்கொண்டு நடந்த அதே காலத்தில், நம் சாலைகள் காகிதத்தில் எல்லோருக்கும் திறந்திருந்தன. அங்கே சட்டம் தடுத்தது. இங்கே ஊர் தடுத்தது.

எப்படித் தடுத்தது என்பதற்குக் கழுகுமலையைவிடக் கசப்பான சாட்சி வேறில்லை. எட்டயபுரம் ஜமீனின் கோவில் ஊர் அது. கோவிலைச் சுற்றிய தேர் வீதிகளில் நாடார்கள் தங்கள் ஊர்வலத்தை நடத்த உரிமை கேட்டார்கள். நீதிமன்றத்தில் தோற்றார்கள், வீதிகள் பொதுவல்ல என்ற அடிப்படையில். அதன்பின் பலர் கத்தோலிக்கராகி, தேர் வீதியிலேயே ஒரு வீட்டை ஜெபக்கோவிலாக்கிக் கொண்டார்கள். 1895 பங்குனி உத்திரத்தன்று தேர் அந்த வழியாக வந்தபோது கோவில் முன் போட்டிருந்த பந்தலை வைத்து வாய்ச்சண்டை தொடங்கி வெட்டுக்குத்தில் முடிந்தது. ஜமீன் அதிகாரி செத்தார், நாடார்கள் செத்தார்கள், ஜெபக்கோவில் எரிந்தது. இரண்டு வருஷம் கழித்து, 1897 மே 14இல், வீரசோழனுக்குத் தெற்கே இருக்கும் கமுதியில் நாடார்கள் மீனாட்சி சுந்தரேசுவரர் கோவிலுக்குள் நுழைந்தார்கள். பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். 1908இல் பிரிவி கவுன்சில் வரை போய் நாடார்கள் தோற்றார்கள். இடையில் 1899இல் சிவகாசி எரிந்தது.

கழுகுமலை மதமாற்றத்தைப் பற்றி எழுதும் சிலர், அது விசுவாசத்தால் வந்ததல்ல, வீதிக்காக வந்தது என்று இளக்காரமாகச் சொல்வார்கள். எனக்கு அந்த இளக்காரம் பிடிபடுவதில்லை. ஒரு மனுஷனின் சாமியைத் தெருவில் போகவிடாதே என்பது அவனைத் தெருவில் போகவிடாதே என்பதுதான். அவன் வேறு சாமியைத் தூக்கிக்கொண்டாவது போய்ப் பார்க்கிறான். கிறிஸ்தவராகிய பிறகும் பிரச்சினை தீர்ந்ததா என்றால், அதற்கு வடக்கன்குளம் பதில் சொல்லும். 1872இல் அங்கே கட்டிய திருக்குடும்பக் கோவிலில் வேளாளருக்கு ஒரு கை, நாடாருக்கு ஒரு கை. பீடம் இருவருக்கும் தெரியும், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. கால்சட்டைக் கோவில் என்றே பெயர். 1910இல் நடுச்சுவரைக் குரு இடித்ததும் வேளாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள்.

இனி, அன்றைக்கும் இன்றைக்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசங்கள். முதலில் வெளிச்சம். தீவட்டியில் சப்பரம் வந்த காலத்தில் சொரூபத்தின் முகம் அருகே நிற்பவருக்குத்தான் தெரியும். பிறகு பெட்ரோமாக்ஸ் வந்தது, தலையில் சும்மாடு வைத்து லைட்டைச் சுமந்தபடி இரண்டு வரிசை ஆட்கள் நடந்தார்கள். கூலிக்கு வந்த அவர்களை யாரும் ஊர்வலத்தின் ஆட்களாக எண்ணியதில்லை. அடுத்து ஜெனரேட்டர் வண்டி, டியூப் லைட், சீரியல் செட். இப்போது எல்.இ.டி. வெளிச்சத்தில் மாதாவின் முகம் ஊதாவாகவும் பச்சையாகவும் மாறிமாறித் தெரிகிறது. நன்றாக இல்லை என்று சொன்னால் கமிட்டி இளைஞர்கள் கோபித்துக்கொள்வார்கள். நன்றாக இல்லை.

சத்தமும் மாறியது. பறையை ஊழியமாக அடிக்க மாட்டோம் என்று தலித் மக்கள் பல ஊர்களில் மறுத்ததுதான் இந்தச் சீமையின் திருவிழா வரலாற்றில் பெரிய திருப்பம். மறுத்த இடத்தைப் பேண்டு செட் நிரப்பியது. இப்போது கேரளத்துச் செண்டை மேளம் லாரியில் வந்து இறங்குகிறது. அதே பறை நகரத்து மேடைகளில் கலை என்ற பெயரோடு மரியாதையாக ஒலிக்கிறது. அடிக்கிறவர் தன் விருப்பத்துக்கு அடிக்கிறார்.

தோள் போய் டயர் வந்தது. சப்பரத்தைத் தூக்க முப்பது நாற்பது ஆள் தோள் கொடுக்க வேண்டும். திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் சவூதிக்கும் போய்விட்ட ஊரில் அத்தனை தோள் ஏது? சீமைக்கருவேலம் மூடிய காட்டில் கரிமூட்டம் போடுகிறவரும், பருத்திக்கும் மிளகாய்க்கும் மழை பார்க்கிற வயசாளிகளும் மிச்சம். எனவே டிராக்டர் பெட்டி மேல் தேர். இதில் ஒரு நன்மையும் உண்டு. தோள் கொடுக்கிற உரிமை யாருக்கு என்ற சண்டை, தோளே தேவைப்படாதபோது ஓய்ந்துவிடுகிறது. டிராக்டர் ஓட்டுகிறவரின் சாதியை யாரும் கேட்பதில்லை. உப்பும் மிளகும் இறைத்துக் கும்பிடுவது மட்டும் இன்னும் மாறவில்லை. தேர் போன மறுநாள் தெருவில் நடந்தால் காலடியில் மிளகு நெரியும்.

மானாமதுரைப் பக்கம் இடைக்காட்டூர்த் திரு இருதயக் கோவிலில் இந்த மாற்றங்களை ஒரே பார்வையில் பார்க்கலாம். பிரெஞ்சு சேசு சபைக் குரு பெர்டினாந்து செல்லே, ரைம்ஸ் பேராலயத்தை மனதில் வைத்து 1894இல் கட்டி முடித்த கோவில். சுட்ட செங்கல்லில் விதவிதமாக வார்த்த கோத்திக் வேலை, பிரான்சிலிருந்து வந்த சொரூபங்கள். வைகையில் தண்ணீர் வராத வருஷத்திலும் கூட்டம் வரும். 2013இல் மானாமதுரை–விருதுநகர்ப் பாதை அகலப்பாதையான பிறகு நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை ஆட்களுக்கு மானாமதுரை எட்டிப்பிடிக்கும் தூரமாயிற்று. கட்டுச்சோற்றோடு மாட்டு வண்டி பூட்டி முந்தின நாளே கிளம்பியது தாத்தா காலம். இப்போது மாலைப் பவனியைப் பார்த்துவிட்டு ராத்திரியே வீடு திரும்புகிறார்கள். வர முடியாதவர்களுக்கு யூடியூபில் நேரலை உண்டு. ரியாத்தில் ஷிப்ட் முடித்த பையன் தன் தெருவில் தேர் திரும்புவதைக் கைபேசியில் பார்க்கிறான்.

ஜமீனும் போய்விட்டது. 1948இல் சென்னை மாகாணம் ஜமீன் ஒழிப்புச் சட்டம் போட்டது. மண்டகப்படிகளையும் முதல் மரியாதைகளையும் பல பங்குகளில் குருக்களே நிறுத்தினார்கள், அல்லது வழக்குகளுக்குச் செலவழிக்க முடியாமல் ஊரே கைவிட்டது. மரியாதை இருந்த இடத்தில் இப்போது நோட்டீஸ் இருக்கிறது. நவநாள் ஒவ்வொன்றுக்கும் உபயதாரர் பெயர், படம், ஊர், தொழில். வெற்றிலை பாக்கைவிட இது தேவலை என்பது என் கட்சி. காசு கொடுத்தால் யாருடைய பெயரும் ஏறும்.

யாருடைய பெயரும் என்றா சொன்னேன்? அங்கேதான் இடிக்கிறது. தலைக்கட்டு வரி என்று திருவிழாவுக்கு ஊர் வசூலிக்கும். சில ஊர்களில் தலித் கிறிஸ்தவர்களிடம் அந்த வரியை வாங்குவதில்லை. வாங்கினால் அவர்களும் திருவிழாவின் பங்காளிகள் ஆகிவிடுவார்கள், தேர் அவர்கள் தெருவுக்கும் போக வேண்டிவரும். காசை வேண்டாம் என்று சொல்கிற இடத்தைப் பார்த்தால் உஷாராக வேண்டும். 2008 மார்ச் 9இல் அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில் தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்ட போராட்டத்தையொட்டி மோதல் வெடித்துப் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். சவ ஊர்வலம் எந்த வழியாகப் போவது, தேர் எந்தத் தெரு வரைக்கும் வருவது என்ற பழைய தகராறுகள் அதன் அடியில் இருந்தன. திருச்சி மாவட்டத்துக் கொட்டப்பாளையத்தில் தலித் கத்தோலிக்கர் தாக்கல் செய்த மனு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 பிப்ரவரியில் நோட்டீஸ் அனுப்பப்பட்டது. திருவிழா வரி வாங்குவதில்லை, தேர் எங்கள் தெருவுக்கு வருவதில்லை, கல்லறையும் தனி என்பவை அவர்களின் குறைகள். 1883இல் சென்னை நீதிபதிகள் பொதுச் சாலை எல்லோருக்கும் என்று சொல்லி நூற்று நாற்பது வருஷம் ஆகிவிட்டது. கேள்வி மாறவில்லை, கேட்கிறவர் மாறியிருக்கிறார். அன்று நாடார், இன்று தலித். அன்று எதிரே நின்றது ஜமீன், இன்று சில இடங்களில் அதே கோவிலில் முழங்கால் போடுகிற பக்கத்துத் தெருக்காரர்.

இதைச் சொன்னால் கோவில்காரர்கள் சிலருக்கு வருத்தம் வரும். எங்கள் திருச்சபையில் சாதி இல்லை என்பார்கள். இந்திய ஆயர் பேரவையே 2016இல் தலித் கிறிஸ்தவர்களுக்கான கொள்கை ஆவணம் வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆயர்கள் ஒப்புக்கொண்டதைப் பங்குக் கமிட்டி மறுப்பதில் அர்த்தமில்லை. கோவில் என்று நான் சொல்வதில் எல்லாக் கோவிலும் அடக்கம். அம்மன் கோவில் தேரும் அதே முனையில்தான் திரும்புகிறது, பல ஊர்களில்.

அதிகாரிகளின் பங்கு இன்று அன்றைவிடப் பெரியது. ஊர்வலத்துக்குக் காவல் நிலையத்தில் அனுமதி வேண்டும். 1861ஆம் வருஷத்துக் காவல் சட்டத்தின் 30ஆம் பிரிவு பழையபடி உயிரோடு இருக்கிறது. பதற்றம் என்று யாராவது மனுக் கொடுத்தால் தாசில்தார் முன்னிலையில் அமைதிக் கூட்டம் நடக்கும். கூட்டத்தின் முடிவு பெரும்பாலும் ஒரே வாக்கியம்: வழக்கமான பாதையில், வழக்கமான நேரத்தில். தகராறே அந்த வழக்கமான பாதை பற்றித்தான் என்பதை அந்த வாக்கியம் தாண்டிப் போய்விடுகிறது. சட்டம் ஒழுங்கு கெடவில்லை என்று கோப்பு மூடப்படும். இதற்கு டச்சுச் சட்டமே பரவாயில்லை என்று எரிச்சலில் சொல்லத் தோன்றும். அது எல்லோரையும் சேர்த்துத் தடுத்தது.

எல்லா ஊரும் அப்படியில்லை. சத்தமில்லாமல் பாதையை நீட்டிக்கொண்ட ஊர்கள் எங்கள் சீமையிலேயே உண்டு. குருவானவர் ஒருவர் பிடிவாதமாக இருந்திருப்பார், அல்லது படித்துவிட்டு வந்த இளைஞர்கள் இரு தெருவிலும் பேசியிருப்பார்கள், அல்லது சிமென்ட் சாலை போட்டபின் தேர் போக அந்தத் தெருவே வசதியாக இருந்திருக்கும். ஒருமுறை போய்விட்டால் மறுவருஷம் அதுவே வழக்கமான பாதை.

அடுத்த திருவிழா நோட்டீஸ் கைக்கு வரும்போது உபயதாரர் பெயர்களையும் படங்களையும் தாண்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். தேர் செல்லும் தெருக்களின் பெயர் வரிசையாக இருக்கும். உங்கள் ஊரின் எந்தத் தெரு அதில் இல்லை என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கமிட்டிக்காரர்களிடம் கேளுங்கள். கொடியேற்றத்துக்கு முன்பே கேளுங்கள். கொடி ஏறிவிட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்கள்.